சங்கு அக்காவுக்கு நான் குரல் கொடுத்த கதை

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் ரயில் ஹாரன் அடித்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சங்கு அக்கா கூப்பிட்டால் ரயிலே நின்றுவிடும். ஃபாக்டரி சங்கு மாதிரிக் குரல் என்பதால் அந்தப் பெயர். தெருமுனையில் இட்லிக் கடை. "இட்லி ரெடி" என்று அக்கா ஒரு சத்தம் போட்டால் தண்டையார்பேட்டையில் இருப்பவனுக்குப் பசிக்கும்.

அந்தக் குரல்தான் போன வருடம் போயிற்று. தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன். மயக்கம் தெளிந்து வாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது. இரண்டு குரல்நாண்களில் ஒன்று அசையவில்லையாம். "மாசக்கணக்குல ஆகலாம், பயிற்சியை விடாம பண்ணுங்க" என்றார் டாக்டர். தண்ணீர் குடித்தாலே புரையேறியது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். கண்டவர்களும் எதிர்த்துப் பேச ஆரம்பித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

தனக்குப் பதிலாகப் பேச, எதிர்வீட்டுக்காரனான என்னைப் பிடித்துக்கொண்டார். நான் ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா. தூத்துக்குடியிலிருந்து பிழைக்க வந்தவன். எறும்பிடம்கூட 'வாங்க, போங்க' என்று பேசும் சுபாவம்.

முதல் சண்டை தண்ணி லாரி டிரைவரோடு. அக்கா என் காதில் ஊதினார்: "கய்தே, ரெண்டு நாளா இன்னாத்த புடுங்கிகினு இருந்தேனு கேளு."

"ரெண்டு நாளா தண்ணி வரலைன்னு அக்கா கொஞ்சம் வருத்தப்படுறாங்க" என்றேன்.

விலாவில் ஓர் இடி. "நான் எப்போ நைனா வருத்தப்பட்டேன்?" என்றது காற்று.

"வருத்தப்படாதக்கா" என்று டிரைவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அக்காவை ஒருவர் சமாதானப்படுத்தியது தெருச் சரித்திரத்திலேயே அதுதான் முதல்முறை. அவமானத்தில் அன்று அவர் சாப்பிடவில்லை.

பயிற்சி வேறு கூத்து. சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளிக்கொண்டே "ஆ" சொல்ல வேண்டும். அக்கா தள்ளிய வேகத்தில் வீட்டுச் சொந்தக்காரர் ஓடிவந்தார். "யம்மா, செவுரு இன்னா பண்ணுச்சு உன்னிய? பழைய வூடும்மா, வுட்ரு!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூரிலிருந்து அக்காவின் மகள் போன் செய்தாள். அக்கா பேசப் பேச, "கேக்கலமா... கேக்கலமா" என்றாள். அக்கா போனை என்னிடம் நீட்டினார். "துன்னியா கண்ணுனு கேளு."

"சாப்பிட்டீங்களான்னு அம்மா கேக்குறாங்க" என்றேன்.

இந்தத் தடவை இடி விழவில்லை. "கண்ணு சொல்லலியே நீ" என்றார் அக்கா. ஊரான் பெண்ணைக் கண்ணு என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவர் எழுந்துபோய்ச் சுவரில் கையை ஊன்றினார்.

ஐந்தாவது மாதம் அந்த 'ஆ'வில் கரகரப்பு ஏறியது. பிறகு ஒருநாள் காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "கண்ணு, துன்னியா?" என்று எதிர்வீட்டிலிருந்து கேட்டது. பழைய சங்கு இல்லை. தாழ்ந்து, உடைந்த குரல். போனில் மகள் அழுதாள் போலிருக்கிறது. "அட, துன்னியா இல்லியானு சொல்லுடி!" என்றார் அக்கா.

போனை வைத்ததும் நேராக என் வாசலுக்கு வந்தார். "தண்ணி லாரிக்காரன்கிட்ட நான் வருத்தப்பட்டேனா? சொன்னத சொன்ன மாறி சொல்றதுக்கு இன்னா நைனா உனுக்கு?" ஐந்து மாதமாக நான் மழுப்பிய திட்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்து என்மேல் கொட்ட ஆரம்பித்தார். நடுவில் இருமல் வந்து நின்றார்.

"எங்க வுட்டேன்?"

ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "கேஸ் சிலிண்டர்காரர் வரைக்கும் வந்திருக்கீங்கக்கா" என்று எடுத்துக்கொடுத்துவிட்டு, உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.