மூன்று கைக்காரனின் சட்டை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மனைவியுடன் பிறந்த ஒரே காரணத்தால் தங்களுக்கு உறவாகிப்போன தையல்கடைக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். ஆனால் அது உண்மையில்லை. அதற்கு முழுக் காரணமும் தாங்கள்தான்.

போன மாதம் பேன்ட்டின் இடுப்பைத் தளர்த்திக்கொள்ள வந்தீர்கள். மூன்று வருடத்தில் இது நான்காவது தடவை, இனிமேல் தளர்த்துவதற்கு உள்ளே துணி இல்லை என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் குடித்துப் பேப்பரைப் புரட்டிவிட்டுப் போயிருக்கலாம். அதை விட்டுவிட்டு, வெட்டும் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த மாஸ்டரைப் பார்த்து, "ஏன் மாஸ்டர், மூணு கை இருக்கிற ஒருத்தன் வந்து சட்டை தைக்கணும்னு நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல், ரயிலுக்கு நேரமாச்சு என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். தீக்குச்சியைக் கிழித்துப் போட்டவன்கூட எரிகிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான், மாமா.

எங்கள் மாஸ்டரைத் தங்களுக்குச் சரியாகத் தெரியாது. பத்தொன்பது வருடமாக அவர் வெட்டுகிறார், நான் தைக்கிறேன். போர்டில்தான் என் பெயர் இருக்கிறதே தவிர, ஜனங்கள் வருவது அவருடைய கத்தரிக்காக. ஒரு ஆள் படியேறும்போதே, "இடது தோள் அரை இன்ச் இறக்கம், பை தூக்கற வேலை" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். டேப்பை வைத்துப் பார்த்தால் அரை இன்ச்தான் இருக்கும். தொப்பை உள்ளவர்கள் அளவு கொடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். (தாங்களும் பிடிப்பீர்கள்.) அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "பையன் என்ன படிக்கிறான் சார்?" என்று விசாரிப்பார். அவர்கள் பதில் சொல்ல மூச்சை விடுவார்கள். அந்த நேரம் பார்த்து டேப்பைப் படித்துக்கொள்வார். யாருடைய மானமும் போகாது, பேன்ட்டும் டைட்டாகாது. அப்படிப்பட்ட மனிதர் தாங்கள் போன பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "மூணாவது கை எந்த இடத்துல இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

நான் விளையாட்டாக, வலது கைக்குக் கீழே என்றேன்.

"இருக்காது முதலாளி. முதுகுலதான் இருக்கும்."

"ஏன்?"

"வலது பக்கம் ரெண்டு, இடது பக்கம் ஒண்ணுன்னா ஆள் சாஞ்சுட மாட்டானா? நடுவுல இருந்தாத்தான் நேரா நடப்பான்."

"முதுகுல இருந்தா எப்படிப் படுப்பான்?"

"குப்புறப் படுப்பான். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

மூலையில் உட்கார்ந்து பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த, கடையில் எல்லோரும் காஜா அக்கா என்று கூப்பிடும் அம்மாள், ஊசியை நிறுத்தாமலேயே, "அது வலது கையா, இடது கையா? கட்டை விரல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அன்றைக்கு அதற்கு மேல் கடையில் ஒரு தையல் விழவில்லை.

அடுத்த நாள் நான் ஒரு முதலாளியாக முடிவு சொல்லிப் பார்த்தேன். "சரி, எங்கேயோ இருந்துட்டுப் போகட்டும். சட்டையை லூசாத் தைச்சு, உள்ளே ஒரு பெரிய பாக்கெட் வச்சு, அந்தக் கையை அதுக்குள்ளே போட்டுக்கச் சொல்லிடலாம். வெளியே தெரியாது." மாஸ்டருடைய முகம் சிவந்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் நான் பார்க்காத சிவப்பு. "மறைக்கறதுக்கு அவன் என்ன திருடிட்டா வந்தான்? எத்தனை கடையில சிரிச்சு அனுப்பியிருப்பாங்க, எவ்வளவு யோசிச்சு நம்ம படியேறி இருப்பான்! ஊரு சிரிக்கட்டும் முதலாளி. அளவு எடுக்கறவன் சிரிக்கக் கூடாது" என்றார். மாமா, இல்லாத ஒரு ஆளுக்காக அந்த மனிதர் கண் கலங்கி நின்றார். அப்போதே நான் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருந்ததா? "நம்ம கடைக்கு எவன் வரப்போறான் மூணு கையோட!" என்றேன். "வந்தா?" என்றார்.

விஷயம் கடையை விட்டு இறங்கித் தெருவுக்குப் போயிற்று. எதிர்த்த மருந்துக்கடைக்காரர் ரத்த அழுத்தத்தை எந்தக் கையில் பார்ப்பது என்று கேட்டுத் தாமும் குழம்பி, மாத்திரை வாங்க வந்தவர்களையும் குழப்பினார். சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், முதுகில் ஒரு கை இருந்தால் பின்னால் வருகிற வண்டியைத் திரும்பாமலே நிறுத்தலாம் என்று மாஸ்டர் கட்சியில் சேர்ந்தார். பேருந்து ஓட்டுநர் ஒருவர், முதுகில் கை இருந்தால் சீட்டில் எப்படிச் சாய்வது என்று என் பக்கம் வந்தார். வீட்டிலாவது நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று போனால், தங்கள் தங்கை முறையாகும் என் மனைவி, "மாஸ்டர் சொல்றதுதான் சரி. உங்களுக்கு ரெண்டு கை இருந்தே ஒரு தட்டு கழுவ வரல, நீங்க மூணாவது கையைப் பத்திப் பேசாதீங்க" என்று முடித்துவிட்டாள்.

அந்த ஆத்திரத்தோடு கடைக்கு வந்து, "வாயால பேசறது சுலபம் மாஸ்டர். முதுகுல கை வச்சு வெட்டிக் காட்டுங்க பார்ப்போம்" என்றேன். அவர் மேஜையில் இருந்த துணியை விரித்தார். சாக்கட்டியால் நான்கு கோடு போட்டார். கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார், அந்த ஆள் எதிரே நிற்கிற மாதிரி. பிறகு கத்தரி ஓடியது பாருங்கள், தண்ணீரில் ஓடுகிற மாதிரி ஓடியது. வெட்டி என் மிஷின் மேல் போட்டார். முதுகில் சுருக்கம் விழும், அதை அவர் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும் என்ற ஒரே ஆசையில் நான் உட்கார்ந்து தைத்தேன். கெட்ட எண்ணத்தோடு நான் தைத்ததிலேயே மிக நல்ல தையல் அதுதான். சுருக்கமா? ஒரு மடிப்புக்கூட விழவில்லை. மூன்றாவது கை பிறந்ததிலிருந்தே அங்கே இருந்ததுபோல உட்கார்ந்திருந்தது. நாங்கள் இருவரும் சண்டையை மறந்து அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அழகாக இருந்தது மாமா, வேறு எப்படிச் சொல்ல?

போட்டுப் பார்க்காமல் எப்படி விடுவது? நான் போட்டுக்கொண்டேன். மாஸ்டர் எனக்குப் பின்னால் குனிந்து தன் வலது கையை மூன்றாவது கைக்குள் நுழைத்தார். காஜா அக்கா கண்ணாடியைப் பிடித்தார். "கொஞ்சம் தூக்குங்க மாஸ்டர்" என்றேன், கை என் தலைக்கு மேலே எழுந்தது. "விரலை ஆட்டுங்க," ஆட்டினார். சரியாக அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு பல் டாக்டர் உள்ளே வந்தார்.

வந்தவர் என் மூன்று கைகளையும் பார்த்தார். மேலே இருந்த கை பழக்க தோஷத்தில் அவருக்கு ஒரு வணக்கம் வைத்தது. டாக்டர் அதற்குப் பதில் வணக்கம் வைத்தார். வைத்துவிட்டுக் கிட்டே வந்து சட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இது என் துணி இல்ல?" என்றார்.

அவருடைய துணியேதான். மாநாட்டுக்குப் போட்டுக்கொண்டு போவதற்காகக் கொடுத்துவிட்டுப் போன இளநீலத் துணி. எங்கள் இருவருக்கும் அந்த ஆவேசத்தில் அது யாருடையது என்று பார்க்கவே தோன்றவில்லை.

இதற்கு அப்புறம் நடந்ததை எழுதப் பேனா கூசுகிறது. டாக்டர் கோபக்காரர் என்று தெருவில் பேச்சு. நான் பயந்துவிட்டேன். பயத்தில், "எனக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். எல்லாம் மாஸ்டர் பண்ணினது" என்று சொல்லிவிட்டேன். அவர் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார், மாமா. அவருடைய கை என் சட்டைக்குள்தான் இருந்தது. அந்தக் கை மெதுவாகக் கீழே இறங்கி வெளியே போனது எனக்கு முதுகில் தெரிந்தது. சட்டையின் மூன்றாவது கை வெறுமையாகத் தொங்கியது. மாஸ்டர் கத்தரியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

டாக்டர் கோபப்பட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அவர் அந்தச் சட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "பிரமாதமான வேலை. ஒரு கையில கண்ணாடி, ஒரு கையில ஊசி, நாக்கைப் பிடிக்க ஒரு கை இல்லாமத்தான் நான் தினமும் தவிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, "எதுக்கு அவரை விட்டுக்கொடுத்தீங்க? நான் கோபமே படலியே" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

இன்றோடு பதினொரு நாள். வெட்டும் வேலையை நானே பார்க்கிறேன். தலைமையாசிரியருக்கு வெட்டிய பேன்ட்டில் ஒரு கால் கணுக்காலோடு நின்றுவிட்டது, இன்னொன்று செருப்பையும் தாண்டித் தரையைக் கூட்டுகிறது. இரண்டு பேரிடம் மூச்சை விடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், இரண்டு பேரும் மறுபடி வரவில்லை. எனக்குத் துணியோடு துணியை ஒட்டத் தெரியும். மனிதர்களைத் தெரிந்தவர் அவர்தான். காஜா அக்கா என்னோடு பேசுவதில்லை. அந்தச் சட்டையைப் பிரிக்க மனமில்லாமல் கண்ணாடிப் பக்கம் மாட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே தெளிவாகிவிட்டது. கை முதுகில்தான் இருக்கும், வேறு எங்கேயும் இருக்க முடியாது.

ஆகையால் என் வேண்டுகோள் இதுதான். கேள்வியைக் கேட்டவர் தாங்கள். தீர்ப்பும் தங்களிடமிருந்து வந்தால்தான் அவர் ஏற்பார். நான் மன்னிப்புக் கேட்க மூன்று முறை அவர் வீட்டுத் தெருமுனைவரை போய் வெட்கத்தில் திரும்பிவிட்டேன். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, "அந்த ஆளை நான் பார்த்திருக்கேன், கை முதுகுலதான் இருக்கு, மாஸ்டர் சொன்னதுதான் சரி" என்று ஒரு பொய் சொல்லுங்கள். முதலாளி முட்டாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது பொய்யாகாது. எப்படியாவது அவர் என் கடைக்குத் திரும்பி வந்தால் போதும். பிறகு வாழ்நாள் முழுக்க அவரோடு ஒரு வாதமும் செய்ய மாட்டேன் என்று அக்கா மேல் சத்தியம் செய்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும், தங்கள் இடுப்புக்கு என் எச்சரிக்கையையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

என்றும் தங்கள் சொல்லுக்கு அடங்கிய,
மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து மறந்துவிடவும். உறையை ஒட்டப் போகும்போது மாஸ்டர் வந்துவிட்டார். நான் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு என்னுதுதான் என்றேன். "அது கிடக்கட்டும் முதலாளி, தலைமையாசிரியரைத் தெருவுல பார்த்தேன். அதுக்கு மேல வீட்ல உட்கார முடியல" என்று கத்தரியை மேஜையில் வைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதோடு நிறுத்தினாரா? "பதினொரு நாளா யோசிச்சேன். நீங்க சொன்னதுதான் சரி. முதுகுல இருந்தா அந்தக் கைப் பட்டனை அவனால தானாப் போட்டுக்க முடியாது, இன்னொருத்தர் தயவுல நிக்கணும். வலது கைக்குக் கீழேதான் இருக்கும்" என்கிறார். வீட்டில் மனைவி போட்டுவிடுவாள் என்று சொன்னேன். "அவனுக்கு யாருமே இல்லேன்னா?" என்று கண் கலங்குகிறார். எப்பேர்ப்பட்ட மனிதர்! ஆனால் சொல்வது சுத்தத் தவறு. தாங்கள் அடுத்த ரயிலிலேயே வந்து, கை முதுகில்தான் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இதை நான் எழுதுவதைப் பார்த்துவிட்டுக் கடிதத்தைக் கேட்கிறார். ஒரு கையால் எழுதுகிறேன், மறு கையால் தாளை அழுத்திப் பிடித்திருக்கிறேன். அவர் பின்னால் நின்றுகொண்டு பிடுங்குகிறார், மாமா. இப்போதாவது தங்களுக்குப் புரிகிறதா, மூன்றாவது கை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று?