இரண்டு முறை வழியனுப்பிவிட்டார்கள், அக்கா

வியன்டியான்,
ஜூலை மாதம், விடாத மழை.

மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய அக்கா எப்பிஃபானியாவுக்கு,

உன் தம்பி டோல்போ, முழங்காலில் நின்று எழுத வேண்டிய கடிதத்தை, முழங்கால் சம்மதிக்காததால் நூடுல்ஸ் கடை நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இரண்டு பெட்டிகளும் சௌக்கியம். நம் ஊர் கிம்பாலில் நீயும், உன் முதுகுவலியும், இன்னும் உயிரோடு இருக்கும் பன்றிகளும் சௌக்கியமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். தொலைபேசியில் பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுகிறாய், நான் சொல்ல வந்ததை மறந்து "சரிக்கா" என்று வைத்துவிடுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

வருகிறேன் வருகிறேன் என்று இரண்டு தடவை சொல்லி, இரண்டு தடவையும் ஏன் வரவில்லை என்று நீயும் கேட்கிறாய், பாதிரியாரும் கேட்கிறாராம், மீன் சந்தையில் வேறு கேட்கிறார்களாம். இதில் என் தப்பு எள்ளளவும் இல்லை என்பதை விளக்குவதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஒவ்வொரு நவம்பரிலும் பள்ளிக்கூடம் எங்களைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் இருக்கிறீர்களா போகிறீர்களா என்று கேட்கும். வெளிநாட்டு வாத்தியார்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி உண்டு. நான் பத்தொன்பது வருஷமாக "இருக்கிறேன்" என்றேன். அதே பத்தொன்பது வருஷமாகக் கிறிஸ்துமஸுக்கு உன்னிடம் "அடுத்த வருஷம் நிச்சயம் வந்துடறேன்" என்றேன். இரண்டும் ஒன்றாக நடக்காது என்பது கணக்கு வாத்தியாரான எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அத்தான் காலமான பிறகு ஒரு நாள் நீ கூப்பிட்டாய். வழக்கம்போல் திட்டவில்லை. "வீடு பெருசா இருக்குடா டோல்போ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்த நவம்பரில் "போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியை திருமதி வின்னிஃப்ரெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உண்மையாகவா?" என்று கேட்டார். எனக்கே கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

எங்கள் தொழிலில் கிளம்புகிறவர்கள் வீட்டை வழித்துத் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஜூன் மாதம் வந்தால் கட்டிலில், மேஜையில், மின்விசிறியில் எல்லாம் பெயர் எழுதிய சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். என் அலமாரியே கத்தாருக்குப் போன ஒருவர் விட்டுச் சென்றது, அவருக்கு அது பெருவுக்குப் போன ஒருவரிடமிருந்து வந்தது. நானும் ஒட்டினேன். கொடுக்க ஆரம்பித்தால் எனக்குக் கை நிற்காது என்று உனக்குத் தெரியுமே. கட்டிலை இசை வாத்தியாருக்குக் கொடுத்தேன். சைக்கிளையும், சோறு வடிக்கும் குக்கரையும், நான் குடியிருந்த வாடகை வீட்டையும், என் நான்காம் வகுப்பையும் எனக்குப் பதிலாக வந்திருக்கும் மிஸ் கெரிஸுக்குக் கொடுத்தேன். வேல்ஸ் நாட்டுப் பெண், இருபத்தாறு வயது, கண் நிறைய ஆர்வம். வீடு சுத்தமான பிறகுதான் பார்த்தேன், மழைக்காலத்தில் குடையையும் கொடுத்திருக்கிறேன். என் குடை இப்போது தினமும் என் ஜன்னலைத் தாண்டி அதே இசை வாத்தியாரை நனையாமல் காத்துக்கொண்டு போகிறது.

கடைசி நாள் வகுப்பில் நான் அழ மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். வகுப்பில் மிட்சுகி என்று ஒரு ஜப்பான் குழந்தை, ஒன்பது வயது. அவள் அப்பா பாலம் கட்டுகிறவர். எங்கே ஆறு இருக்கிறதோ அங்கே குடும்பத்தோடு போய்விடுவார். நான் கரும்பலகையைத் தேவைக்கு மேல் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், ஒரு ஊரை விட்டுப் போறது உங்களுக்கு இது முதல் தடவையா?"

"இங்க வந்ததுக்கப்புறம் முதல் தடவைம்மா."

"அதான். முதல் தடவை அப்படித்தான் இருக்கும். எனக்கு இது நாலு ஆயிடுச்சு. கார்ல ஏறினதும் நேரா முன்னாடி பாத்துக்கணும் சார். பின்னாடி திரும்பினா எங்கம்மா அழுதுடுவாங்க."

"உனக்கு அழுகை வராதா?"

"நான் கார்ல ஏறுறதுக்கு முன்னாடியே குளியலறையில அழுதுட்டு வந்துடுவேன். அதுதான் சுலபம்."

எவ்வளவு அனுபவம் பார், அக்கா. அறுபத்தொரு வயதில் எனக்கு இந்தப் பாடம் யாரும் நடத்தவில்லை. நான் குளியலறைக்குப் போனேன். அங்கே ஏற்கனவே விளையாட்டு வாத்தியார் இருந்தார், அவரும் இந்த வருஷம் கிளம்புகிறவர்.

இங்கே பயணம் போகிறவருக்கு மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள் என்று பல தடவை உனக்குச் சொல்லியிருக்கிறேன். மனுஷனுக்குள்ளே முப்பத்திரண்டு உயிர் இருக்கிறது, ஊர் விட்டு ஊர் போனால் ஒன்றிரண்டு பின்தங்கிவிடும், அதனால் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உடம்போடு கட்டி அனுப்ப வேண்டும். என் வாடகை வீட்டின் சொந்தக்காரர் புவாவன் அம்மாள் தன் நூடுல்ஸ் கடையை ஒரு நாள் மூடி இதை நடத்தினார். அந்தக் கடை அவருடைய கணவர் செத்த அன்றுகூட மதியம் வரை திறந்திருந்தது. வாழையிலையும் சாமந்திப்பூவும் வைத்துக் கோபுரம் கட்டி, அவித்த முட்டை, கோழி, ஒட்டும் அரிசிச்சோறு எல்லாம் வைத்து, முன்னாள் பிக்கு கம்பேங் மாமா மந்திரம் சொல்ல, தெருவே வரிசையில் வந்து எனக்கு நூல் கட்டியது. முழங்கை வரைக்கும் கட்டினார்கள். புவாவன் அம்மாள் கட்டும்போது, "வாத்தியாரே, உங்க அக்கா கையால நல்லா சாப்பிடுங்க. ரொம்ப மெலிஞ்சுட்டீங்க" என்றார். என் எடை எண்பத்தைந்து கிலோ.

அப்புறம் தெருவே விமான நிலையத்துக்கு வந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன், மிட்சுகி சொன்ன மாதிரியே. பார்த்தால், நம் பக்கம் புயல், மணிலாவில் விமானங்கள் இறங்கவில்லை, எல்லாம் ரத்து. அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். "டேய், பன்னி வெந்துடுச்சு. எங்கடா இருக்கே?" என்றாய். புயல் என்றேன். "இங்க எனக்குத் தெரியாத புயலா? கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு" என்றாய். "சரி, மழை நின்னதும் வா. பன்னியை அக்கம்பக்கத்துக்குக் குடுத்துடறேன்" என்றாய். அந்தப் பன்றி என் பெயரில் வளர்ந்து என் பெயரில் செத்தது. அதன் ஆத்மா சாந்தியடையட்டும்.

பெட்டிகளோடு திரும்பி வந்தேன். வெட்கத்தில் பின் சந்து வழியாக வந்தேன், அங்கேதான் எல்லாரும் உட்கார்ந்து மிச்சக் கோழியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "வந்துட்டீங்களா? சாப்பிட்டீங்களா?" என்று தட்டை நீட்டினார் புவாவன் அம்மாள். கம்பேங் மாமா என் கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது போறதுக்குக் கட்டினது. இப்ப வந்திருக்கீங்க. வந்ததுக்குத் தனியாக் கட்டணும். இல்லேன்னா ஏதாவது ஒரு உயிர் அங்க பெட்டி சுத்துற இடத்துலயே சுத்திக்கிட்டிருக்கும்." மறுநாளே மறுபடி பூ, முட்டை, கோழி. கடை மறுபடி மூடல். சாமந்திப்பூக்காரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வாராவாரம் உண்டுன்னா முன்னாடியே சொல்லிடுங்க வாத்தியாரே, நான் மொத்தமா வாங்கி வச்சுடறேன்" என்றாள்.

வீடு மிஸ் கெரிஸுடையது ஆகிவிட்டதால் கடைக்கு மேல் உள்ள அறையில் எனக்குப் பாய் போட்டார்கள். என் குக்கரில் வடித்த சோற்றை மிஸ் கெரிஸ் எனக்கே ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள், அது குழைந்திருந்தது, அந்தக் குக்கருக்குத் தண்ணீர் ஒரு விரல் குறைவாக வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அடுத்த நாள் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று வந்தாள். இடது பக்கம் ஓர் உதை விட வேண்டும், வலது பக்கம் உதைத்தால் கோபித்துக்கொள்ளும் என்றேன். அப்புறம் வகுப்புக் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலோடு வந்து, "இதுல யாரு முதல் வாரம் அழும்னு சொல்லுங்க சார்" என்றாள். அப்படிக் கேட்கிற வாத்தியார் உருப்படுவார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொன்னேன்.

நடுவில் திருமதி வின்னிஃப்ரெட் வேறு வந்து, நூலகத்து அம்மா திடீரென்று கிளம்பிவிட்டார், ஆகஸ்டிலிருந்து அரை நேர வேலையாகப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "என் அக்கா காத்திருக்கிறார், அது நடக்காது" என்று சொல்லிவிட்டேன். என் உறுதியை நீ பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் தடவை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மறுபடி போவதற்கு நூல், மறுபடி கோழி. இந்த முறை கூட்டம் கொஞ்சம் குறைவு, கம்பேங் மாமா மந்திரத்தைச் சுருக்கிவிட்டார். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஏதோ ஒரு முத்திரை இல்லையாம். வேலை முடித்துப் போகிறவருக்கு இருக்க வேண்டிய முத்திரையாம். நான் எவ்வளவோ மன்றாடினேன், அக்கா. விமானம் என் கண் முன்னால் கிளம்பிப் போனது. நீ இரண்டாவது பன்றியையும் அடுப்பில் ஏற்றிவிட்டாய் என்று தெரிந்ததும் நான் பட்ட வேதனையைச் சொல்லி முடியாது. திரும்பி வந்தால், தெருமுனையிலேயே புவாவன் அம்மாள் மகள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினாள்: "அம்மா! வாத்தியார் வந்துட்டார்! பூவுக்குச் சொல்லட்டுமா?"

ஆகவே அக்கா, புயலும் முத்திரையும் செய்த சதிக்கு நான் என்ன செய்வேன்? வருகிற சனிக்கிழமை பயணச்சீட்டு போட்டாயிற்று. முத்திரையும் வாங்கியாயிற்று. இந்த முறை நிச்சயம். பன்றியை மட்டும் நான் வாசல்படி மிதிக்கும் வரை தொடாதே, மூன்றாவதையும் கொன்றுவிட்டால் அந்த ஜாதியே நம் வீட்டில் இருக்காது. எனக்கென்று நீலம் அடித்து வைத்திருக்கும் அறையில் ஈரம் ஏறாமல் ஜன்னலைத் திறந்து வை. பாதிரியாருக்கு என் வணக்கம். மீன் சந்தைக்கு என் பதில், சனிக்கிழமை. உன் முதுகுக்குத் தைலம் வாங்கியிருக்கிறேன். மாதா உன்னையும் உன் கூரையையும் காக்கட்டும். நம் வழக்கப்படி உன் கைகளை என் நெற்றியில் வைத்து ஆசி வாங்கிக்கொண்டதாக நினைத்துக்கொள்கிறேன்.

என்றும் உன் சொல் தட்டாத தம்பி,
தியோதுல்போ மக்பானுவா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் இந்தப் பயணத்தைப் பற்றி நம்பக்கூடியது புயல் மட்டும்தான். இரண்டாம் தடவை எந்த முத்திரையும் குறையவில்லை. அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே "நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்றுதான் சொன்னார், பாவம். உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், மறுபடி கூப்பிட்டார்கள். எழுந்திருக்க முடியவில்லை, அக்கா. இதற்கு முழங்காலைக் குறை சொல்ல மாட்டேன். நீ தயார் செய்து வைத்திருக்கிற அறையில் விடிந்ததும் எழுந்து நான் யாருக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பேன் என்று யோசித்தேன். நம் ஊரில் இப்போது என்னை நிஜமாகத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். இங்கே தெருவுக்கே என்னைத் தெரியும், ஆனால் இங்கே நீ இல்லை. இந்தக் கணக்கைப் பத்தொன்பது வருஷமாகப் போட்டுப் பார்க்கிறேன், விடை வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ படிக்க வைத்த தம்பி இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நூலக வேலைக்கு இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். சனிக்கிழமை நான் வரவில்லை. நீ வா. ஆகஸ்டில் வந்து ஒரு மாசம் என்கூட இரு. பிடிக்கலேன்னா என் காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஊருக்குப் போ, வரேன். பக்கத்து நாற்காலியில நீ இருந்தா, பேரைக் கூப்பிடும்போது நான் எழுந்துடுவேன்கா.

உன் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கும்போது சிரித்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு, என் மேல் கோபம் ஆறுவதற்குள் போய் எடுத்துவிடு. படம் சரியாக வரும்.