கம்பெனி பேரில் ஒரு சட்டி கலவை

திருவண்ணாமலையில் ஒரு வாசல்படி காலை இடறாமல் இருந்தால், அது 'மீதி மேஸ்திரி' பூசியதாகத்தான் இருக்கும். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் கம்பெனி வரிசையாக வீடு கட்டிக்கொண்டிருந்தது. அவர் மேஸ்திரி. நான் சிமென்டுக் கலவை போடுகிறவன். சாயந்திரம் வேலை முடியும்போது கொஞ்சம் கலவை மிஞ்சும். வைத்தால் இறுகிவிடும். எல்லோரும் பள்ளத்தில் கொட்டுவார்கள். இவர் அதைச் சட்டியில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு ஓடுவார். நடக்க மாட்டார். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று எதிரே வருகிறவர்கள் வழிவிடுவார்கள்.

ஒருநாள் ரோட்டுப் பள்ளத்தை அடைத்துவிட்டு, கையை விரித்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு முன்னால் நின்றார்.

"யோவ், பஸ்ஸு போவணும்யா!"

"காயட்டும். சுத்திக்கினு போ."

"யாருய்யா நீ?"

"கம்பெனி."

பஸ் சுற்றிக்கொண்டுதான் போனது.

மரத்தடியில் முடிவெட்டுகிறவர், நாற்காலி ஆடுகிறது என்றார். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் நான்கு காலும் சிமென்டுக்குள் நின்றன.

"ஆடுதுன்னுதானய்யா சொன்னேன்? நட்டு வெச்சிட்டியே! நெழலு நகர்ந்தா நான் எங்க போவேன்?"

"இப்ப ஆடுதா?"

"ஆடல."

"அப்புறம் என்ன?"

அதற்குப் பிறகு நாங்கள் அங்கே குடை பிடித்துக்கொண்டு முடிவெட்டிக்கொண்டோம்.

எங்களுக்குக் கம்பெனி தர்மம் என்றால், கார்த்திகை தீபத்துக்கு முதலாளி வைக்கும் அன்னதானப் பந்தல்தான். பந்தலைவிட போர்டு பெரியது. புண்ணியம் அவருக்கு, கூலி நமக்கு என்று இருந்தோம். மேஸ்திரிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை.

"பின்னாடி சந்துல படியெல்லாம் ஒடைச்சது எந்த லாரி?"

"கம்பெனி லாரி" என்றேன்.

"கம்பெனின்னா யாருப்பா? மொதலாளியா அதுல வந்தாரு? நாமதான மேல குந்திக்கினு வந்தோம்?"



அந்தச் சந்தில் பன்னிரண்டு வீடு. மேஸ்திரி தினம் ஒரு சட்டி, ஒரு படி என்று பூசினார். பதினோரு படி ஆனது. அப்போதுதான் சந்துப் பெண்கள் மாலையோடு சைட் ஆபீசுக்கு வந்தார்கள். முதலாளி குனிந்து வாங்கிக்கொண்டார். பிறகுதான் கேட்டார்.

"படியா? நம்ம கம்பெனி எப்பம்மா போட்டுச்சி?"

"உங்க மேஸ்திரிதாங்க. தெனம் ஒரு சட்டி கலவை."

கடைசி வீட்டுப் பெண் நிறைமாதம். "எங்க வூட்டுப் படி மட்டும் பாக்கிங்க. எறங்கவே பயமா இருக்குதுங்க."

அப்போது சிமென்டு சர்க்கார் பர்மிட்டில்தான் கிடைக்கும். பெண்கள் போனதும் முதலாளி மேஸ்திரியை உள்ளே கூப்பிட்டுக் கத்தினார். மாலையைக் கழற்ற மறந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"கீழ கொட்டறதுங்க."

"கொட்டறதும் என்துதான்! இனிமே மீதி ஆச்சின்னா, கலவை போடறவனை வூட்டுக்கு அனுப்பிடுவேன்."

கலவை போடுகிறவன் நான்.

மேஸ்திரி வெளியே வந்தார். அவர் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை.

"கணக்கா போட்டுடுப்பா. ஒனக்கு ரெண்டு பொண்ணு."

போட்டேன். அன்றைக்கும் மறுநாளும் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. மேஸ்திரி காலிச் சட்டியைக் கழுவினார். துடைத்தார். மறுபடியும் கழுவினார். அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலால் தடவித் தடவி இறங்குவது சைட்டிலிருந்தே தெரிந்தது. இருவரும் பார்த்தோம்.

மூன்றாம் நாள் ஒரு சட்டி மிஞ்சியது.

மேஸ்திரி கலவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏன்டா?"

"கை தவறிப்போச்சி."

அள்ளிக்கொண்டு ஓடினார்.

முதலாளி கேட்கவில்லை. கேட்டிருந்தால், நான்தான் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போயிருப்பேன். மேஸ்திரி அங்கே இருந்தவரை, என் கை தினமும் தவறியது.