டீச்சருக்கு நான் சொல்லிக்கொடுத்த தமிழ்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: எனக்குப் பேசி வைத்திருந்த பெண் தனலட்சுமி. அவள் அப்பா. அவள் அத்தை. பந்தல் கொள்ளாமல் சொந்தக்காரர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் பெரியப்பா, இறந்துபோனவர் அவர்தான். வெள்ளைக்கார டீச்சர் நோரா. அவரை அழைத்துக்கொண்டு போன மடையன் நான்.

ராஜபாளையத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். எட்டாம் வகுப்பு. இங்கிலீஷில் பெயில். (கணக்கிலும்தான். அது இங்கே வேண்டாம்.) நோரா டீச்சர் அயர்லாந்திலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவர். நாலு மணிக்குப் பள்ளி விட்டுவிடும். அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. என் ஆட்டோவில் ஏறி, மலையைப் பார்த்து ஓட்டச் சொல்வார். போகிற வழியில் தமிழ்ப் பாடம். வாத்தியார் நான்.

அந்தச் சாயங்காலங்கள் கனவு மாதிரி. மில் பக்கம் பஞ்சுத் துணுக்கு மிதக்கும். மலைமேல் மேகம் உட்கார்ந்திருக்கும். ஓடுவது ஆட்டோவா மலையா தெரியாது.

"போறேன்," என்பார் டீச்சர்.

"அப்படிச் சொல்லப்படாது டீச்சர். போயிட்டு வாரேன்னு சொல்லணும்."

"எப்பவும்?"

"எப்பவும்."

"சொன்னா வரணுமா, அண்ணாச்சி?"

"வராம? சொன்னா வரணும்."

தனலட்சுமிக்கும் எனக்கும் தையில் பரிசம் என்று பேச்சு. அதற்குள் பெரியப்பா போய்விட்டார். போன் வந்தபோது டீச்சர் வண்டியில் இருந்தார். தானும் வருகிறேன் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்ததும், வெறுங்கையோடு போகக் கூடாது என்று பால்கோவா வாங்க இறங்கினார். பாய்ந்து போய்த் தடுத்தேன். பெரிய கண்டம் தப்பியது என்று நினைத்தேன்.

இழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. எழுந்து, பேசாமல் நடந்துவிட வேண்டும். 'வாரேன்' என்றால் அடுத்த சாவுக்கு வருவதாக ஆகிவிடும். இதை டீச்சரிடம் நான் சொல்லவில்லை. மூச்சு விடுவதை யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

டீச்சர் பெண்களோடு உட்கார்ந்து நிஜமாகவே அழுதார். பிறகு எழுந்தார். தனலட்சுமியின் அப்பா முன்னால் போய்க் கும்பிட்டு, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்:

"போயிட்டு வாரேன்!"

ஒப்பாரி நின்றது. அத்தையிடம் ஒரு தடவை. வரிசையாக எல்லோரிடமும். கடைசியாகக் கண்ணாடிப் பெட்டிக்கும் ஒரு கும்பிடு. "போயிட்டு வாரேன்."

"ஏலே, இவள எவன்லே கூட்டியாந்தது?" அத்தை கத்தினாள். "அடுத்தாப்ல யாரக் கொண்டுபோக வாராளாம்?"

தனலட்சுமியின் அப்பா என் பக்கத்தில் வந்தார். "மாப்ளேன்னு கூப்பிட இருந்தேன். இனிமே ஆட்டோக்காரரேன்னு கூப்பிடுதேன். கெளம்புங்க."

தனலட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக் குலுங்கினாள். "பிள்ளை ஒடைஞ்சு போச்சே," என்றாள் ஒருத்தி. ஒரு கண் மட்டும் எனக்குத் தெரிந்தது. சிரிப்பு.

கிளம்பினேன். (சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு முறை தெரியும்.)

மலை நீலமாகக் கூடவே வந்தது. "சரியாச் சொன்னேனா அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

"சரிதான் டீச்சர்."

மறுநாள் பள்ளி விட்டதும் ஆட்டோவில் ஏறினார். "ஸ்ரீவில்லிபுத்தூர்."

"எதுக்கு?"

"வாரேன்னு சொன்னேன்ல?"

தெருமுனையில் இறக்கிவிட்டு நின்றேன். முதல் நாள் அவரிடம் யாரும் பேசவில்லை. மூன்றாம் நாள் அத்தை கடுங்காப்பி கொடுத்தாள். பிறகு இருவரும் சேர்ந்து உளுந்து புடைத்தார்களாம். துக்க வீட்டைச் சொந்தங்களே எட்டிப் பார்க்காத சாயங்கால மழையிலும் டீச்சர் போனார். ஒரு நாள் அத்தை வாசலுக்கு வந்து அவரிடம் சொன்னாள்:

"நாளைக்கு வாரப்ப அந்த ஆட்டோக்காரனயும் உள்ள கூட்டியா. எம்புட்டு நேரந்தான் தெருவுல கொசுவடிப்பான்?"

உள்ளே போனேன். தனலட்சுமியின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். "வாங்க மாப்ளே."

டீச்சர் ஊருக்குப் போய்விட்டார். தனலட்சுமி என் வீட்டில் இருக்கிறாள். நான் யாரிடமாவது "வாரேன்" என்றால் போதும்; "வெறும் வாரேனா, டீச்சர் வாரேனா?" என்று உள்ளேயிருந்து கேட்பாள். பிள்ளைகளும் கேட்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள், டீச்சர் எத்தனை நாள் அந்த வீட்டுக்குப் போனார் என்று விசாரிப்பார்கள்.

பதினாறு.