என் வாசலை நானே தட்டிய கதை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். அதனால் எல்லாவற்றிலும் நானே முதலாக இருக்க வேண்டும் என்று ஒரு நோய் எனக்கு உண்டு. அந்த நோய்க்கு மருந்தே இல்லாமல் செய்தவள் மௌசுமி.

அந்தமானின் ஹேவ்லாக் தீவிலிருந்து வந்த பெங்காலிப் பெண். போர்ட் பிளேர் கல்லூரியில் புதிதாக யார் கப்பலிறங்கி வந்தாலும், "மௌசுமியைக் கேள்" என்பார்கள். விடுதி அறை, நல்ல மெஸ், கப்பல் டிக்கெட், எல்லாவற்றுக்கும் அவள்தான். (நிக்கோபாரின் கட்சால் தீவிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்திறங்கிய எனக்கும் அவள்தான் வழி காட்டினாள். அதை நான் யாரிடமும் சொல்வதில்லை.)

இறுதியாண்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கணினி வலைப்பின்னல் செய்தோம். நடுவில் சர்வர் கிடையாது. கணினிகள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். ஒரே சிக்கல், புதிதாக வரும் கணினிக்கு உள்ளே யாரையும் தெரியாது. நம்பகமான ஓரிரு கணினிகளின் முகவரியை முன்கூட்டியே ஒரு பட்டியலில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவற்றில் ஒன்றைத் தட்டினால் அது மற்றவர்களைக் காட்டும்.

பட்டியலில் முதல் முகவரி மௌசுமியின் கணினி. இரண்டாவது என்னுடையது.

அங்கேயுமா?

டெமோவில் நன்றாகச் செய்யும் ஒருவருக்குச் சென்னையில் பயிற்சி. அதைப் பார்க்க, ரப்பர் தோட்டத்தில் லீவு போட்டுவிட்டு அப்பா கப்பலேறி வந்திருந்தார். அன்று காலை மௌசுமியின் முகவரியை அழித்தேன். பட்டியல் சுருக்கமாக இருந்தால் அழகு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மௌசுமியுடையது உட்பட நான்கு கணினிகள் என் வழியாக உள்ளே வந்தன. பெருமை தாங்காமல் அப்பா எங்கே என்று திரும்பினேன். அவர் மௌசுமியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளை இந்தியில் "பேட்டி, பேட்டி" என்று மகளாக்கிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். (என்னைக் கூப்பிடுவது "ஏ புள்ள".) அந்த எரிச்சலில் நகர்ந்தபோது என் கால் ஒயரில் மாட்டியது. பேட்டரி செத்துப்போன என் லேப்டாப் அணைந்தது.

மற்ற நான்கும் கவலையே இல்லாமல் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தன. மறுபடி உயிர் பெற்ற என் லேப்டாப் பட்டியலைப் பார்த்தது. இருந்த ஒரே முகவரி அதனுடையது. தன்னையே தட்டியது. பெரிய திரையில், "யாரும் இல்லை. மீண்டும் முயல்கிறது." மீண்டும் தட்டியது. யாரும் இல்லை.

தேர்வாளர், வேறு முகவரியே இல்லையா என்று கேட்டார். மௌசுமி எழுந்து வந்து தன் முகவரியைத் தட்டச்சு செய்தாள். நொடியில் உள்ளே போனேன்.

"அரே, மேரா அட்ரஸ் கைசே டிலீட் ஹோ கயா?" என்றாள், தன் முகவரி எப்படி அழிந்தது என்ற உண்மையான வியப்போடு. அந்த வெள்ளை மனசைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

என்ன நடந்தது என்று அப்பா அவளிடமே விசாரித்தார். விளங்கியதும் அரங்கத்துக்கே கேட்கும்படி சொன்னார்: "அப்ப நம்ம புள்ள தன் வீட்டு வாசல்ல நின்னு, தன்கிட்டயே வழி கேட்டுச்சா?"

மௌசுமி சென்னைக்குப் போனாள்.

இப்போது போர்ட் பிளேரின் மின்னி பே பகுதியில் எங்கள் வீட்டில் நான் சாவியைத் தேடினால் போதும், "உன்கிட்டயே கேட்டுப் பாரு புள்ள" என்று அப்பா ஆரம்பித்துவிடுவார். சொல்லி முடித்த கையோடு அதைச் சென்னைக்கும் போன் போட்டுச் சொல்வார்.

அவருடைய போனில் முதல் எண் அவளுடையது. இரண்டாவது என்னுடையது.