வத்தலக்குண்டு கிளையை விழுங்கிய சைனா செட்

சிலருக்கு நாக்கில் சனி இருக்கும் என்பார்கள். எனக்கும் நாக்கில்தான் இருந்தது. அதற்கு ஒரு நகல் எடுத்து காதர் பாய் தன் சட்டைப் பையில் வைத்திருந்தார் என்பதுதான் கொடுமை.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு டயர்க் கடையின் மாடியில் இருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் நான் டீச்சர். வயது இருபத்து நான்கு. திமிருக்கு மட்டும் வயது நாற்பது இருக்கும். மாலை வகுப்புக்கு வந்தவர்கள் எல்லாருமே என்னைவிட மூத்தவர்கள். கண்டக்டர், நர்ஸ், பூட்டுக் கடைக்காரர் என்று பாவம், வேலை முடிந்து களைத்து வருவார்கள். "வகுப்பில் செல்போன் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியவள் நான். அவர்களை எழுதச் சொல்லிவிட்டு, அந்த அறிவிப்புக்குக் கீழேயே நின்று என் தங்கை சுதாவோடு செல்லில் அரட்டை அடித்தவளும் நானே. (டீச்சருக்குச் சட்டம் கிடையாது என்று ஒரு நினைப்பு.)

சென்டரின் ஓனர் சந்திரசேகர் சார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். ஆனால் இங்கிலீஷ் சென்டர் நடத்திய அவருக்கு இங்கிலீஷில் நான்கே வாக்கியங்கள்தான் தெரியும்: குட் மார்னிங், ஹவ் ஆர் யூ, வெரி குட், ப்ளீஸ் சிட். சாயங்காலம் ஆறு மணிக்கும் குட் மார்னிங்தான். அவர் வத்தலக்குண்டில் ஒரு கிளை திறப்பதாக இருந்தார். அந்தக் கிளைக்கு இன்சார்ஜ் ஆக வேண்டும் என்று எனக்கு வெறி. தனி அறை, சுழல் நாற்காலி, கதவில் என் பெயர். இனிஷியல் பெயருக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்பது வரை யோசித்து முடித்திருந்தேன்.

ஒருநாள் சார் கூப்பிட்டார். "ஏம்மா, ஞாயித்துக்கெழம டவுன்ல இருக்க கடைக்காரங்க அம்புட்டுப் பேரையும் வரச் சொல்லிருக்கேன். அவுகளுக்குக் கிளாஸுக்கு வர நேரம் ஏது? பாடத்த செல்லுல ஏத்திக் குடுத்துட்டா கல்லாவுல இருந்தே கேக்கலாம்ல. அதுல என்னென்ன நன்மைன்னு நீ பத்து நிமிசம் பேசு. கூட்டம் அசந்துச்சுன்னா வத்தலக்குண்டு ஒனக்குத்தான்."

பேசுவதில் எனக்கு என்ன பயம்? ஆனால் மேடையில் காட்டுவதற்கு ஒரு சாட்சி வேண்டுமே. என் செல்போனில் டார்ச் எரியும், பாம்பு விளையாட்டு ஓடும், அவ்வளவுதான். அப்போதுதான் காதர் பாய் தயங்கித் தயங்கி வந்தார். ஐம்பது வயது, பேகம்பூரில் தோல் வியாபாரம். வடக்கத்தி வியாபாரிகளோடு தானே பேச வேண்டும் என்பதற்காகப் படிக்க வந்தவர்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்கப்புடாது. நீங்க செல்லு கூடாதுன்னு போர்டு போட்டுருக்கீங்க, தெரியும். ஆனாலும் மூணு மாசமா ஒங்க கிளாஸ அம்புட்டையும் பைக்குள்ள வச்சே ரெக்கார்டு பண்ணிருக்கேன். வண்டியில போகையில, மண்டியில ஒக்காந்திருக்கையில, எந்நேரமும் அதத்தான் கேக்குறது."

புத்தியுள்ளவளாக இருந்திருந்தால், பாடம் தவிர அதில் வேறு என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று அங்கேயே கேட்டிருப்பேன். நானோ, "பாய், நீங்கதான் என் சாட்சி!" என்று குதித்தேன்.

அவருடைய செல்போன் அந்தக் காலத்துச் சைனா செட். முதுகில் நான்கு ஸ்பீக்கர். சத்தம் கோயில் திருவிழாக் குழாய் மாதிரி. பேட்டரி மூடி உடைந்துபோய், ரப்பர் பேண்டில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. நான் மைக்கைப் பிடித்து நன்மைகளை அடுக்கினேன். நேரம் மிச்சம். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். தப்பாகச் சொன்னாலும் பக்கத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். முன்வரிசையில் சார் தலையாட்டிக்கொண்டே இருந்தார். வத்தலக்குண்டு பாதி வந்துவிட்டது.

பாயை மேடைக்கு அழைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்: "மை நேம் இஸ் காதர். ஐ ஆம் டூயிங் லெதர் பிசினஸ். ஏம்ப்பா, அந்த ஃபேனச் செத்தக் கூட்டி வைங்க. ஐ ஆம் கமிங் ஃப்ரம் பேகம்பூர்."

அப்படியே என் குரல், என் இழுவை. பின்வரிசையில் ஒருவர் நிஜமாகவே எழுந்து போய் ஃபேனைக் கூட்டினார். கூட்டம் சிரித்தது. அத்தோடு விட்டிருக்கலாம். விடுவேனா? கௌரவப் பிரச்சினை ஆயிற்றே! "அது கிளாஸ்ல நடுவுல நான் சொன்னதுங்க. இருங்க, ஒரிஜினலையே போடுறேன்" என்று செட்டைப் பிடுங்கி, கைக்கு வந்த பதிவை அமுக்கி, மைக்கில் வைத்தேன்.

"ஐ கோ, ஐ வென்ட், ஐ ஹேவ் கான்" என்று என் குரல் கணீரென்று வந்தது. கைதட்டல். அப்புறம், "எல்லாரும் இந்தப் பத்து வாக்கியத்த எழுதுங்க." அதற்கப்புறம் ஒரு ரிங்டோன். அட, நம்ம ரிங்டோன் மாதிரியே இருக்கிறதே என்று நினைத்து முடிப்பதற்குள், "சொல்லு சுதா."

எனக்கு உயிரே போய்விட்டது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் சத்தம் கூடியதே தவிர நிற்கவில்லை.

"யாரு, எங்க ஓனரா? அந்தாளுக்குத் தெரிஞ்சதே நாலு வாக்கியந்தான்டி. அஞ்சாவதா ஒண்ணு கேட்டுப்பாரு, பாத்ரூம் போயிருவாரு. எனக்கு வத்தலக்குண்டு மட்டும் கெடைக்கட்டும், ஒரே வருசம். அப்புறம் எதுத்தாப்புலயே சொந்தமா ஒரு சென்டரப் போட்டு, ஸ்டூடன்ட்ஸ் அம்புட்டுப் பேரையும் அள்ளிட்டுப் போயிருவேன்ல!"

"பாய், நிப்பாட்டுங்க பாய்!" என்று அலறினேன்.

"பதறாதீங்க டீச்சரம்மா" என்றார் அவர், மைக்கிலேயே. "இதுக்கப்புறம் ஒங்க தங்கச்சிக்குப் புளிக்கொழம்பு வைக்கச் சொல்லிக் குடுப்பீங்க. அதக் கேட்டுத்தான் எங்க வீட்லயும் இப்ப வைக்கிறாக. அருமையா இருக்கு."

ரப்பர் பேண்டைப் பிய்த்து, பேட்டரியைக் கழற்றி எறிந்தேன். ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் கூட்டி வைத்த ஃபேன்.

சார் மெதுவாக எழுந்து மேடைக்கு வந்தார். மைக்கைச் சரிசெய்தார். என்னைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "ஃப்ரம் டுமாரோ, யூ நீட் நாட் கம்."

ஐந்தாவது வாக்கியம்! ஒரு பிழை இல்லை, உச்சரிப்பு சுத்தம். கூட்டம் கைதட்டியது. வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், என் தலையும் பழக்கதோஷத்தில் "கரெக்ட்" என்று ஆடியது.

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பாய் ஒரு டீ வாங்கி வந்து நீட்டினார். "போன வாரந்தான் டீச்சரம்மா, சார் நைஸா ஏங்கிட்ட வந்து, யாருக்கும் தெரியாம ஒங்க பாடத்துல ஒண்ணே ஒண்ணு குடு, பழகிப் பாக்குறேன்னு கேட்டாரு. நீட் நாட் பாடத்த புளூடூத்துல அனுப்பி விட்டேன். ஒரே வாரத்துல எப்படிப் புடிச்சுட்டாரு பாத்தீங்களா! மாஷா அல்லாஹ்." செல்போனில் படிப்பதன் நன்மையை நான் பத்து நிமிடம் தொண்டை கிழியப் பேசியும் விளங்காதவர்களுக்கு, சார் ஒரே வரியில் விளங்க வைத்துவிட்டார்.

வத்தலக்குண்டு கிளைக்கு என்னிடம் படித்த அந்த நர்ஸ்தான் இன்சார்ஜ் ஆனார். நான் வேறு வேலைக்குப் போய், கல்யாணமாகி, எல்லாம் பழைய கதை. ஆனால் எங்கள் வீட்டில் அது பழையதாகவே மாட்டேன் என்கிறது. போன வாரம் புளிக்குழம்பில் உப்பு கூடிவிட்டது. மகள் ஒரு வாய் வைத்தாள், தட்டைத் தள்ளினாள், "ஃப்ரம் டுமாரோ, யூ நீட் நாட் கம்" என்றாள். என் வீட்டுக்காரர் கைதட்டினார்.

எனக்கு அந்தக் குழம்பின் பக்குவம் எப்போதோ கைவிட்டுப் போய்விட்டது. காதர் பாய் வீட்டில் மட்டும் இன்றைக்கும் பிசகாமல் வருகிறதாம். அவர்களிடம் ரெக்கார்டு இருக்கிறது.