சீன வருடப் பிறப்புக்கு நான் வைத்த முகூர்த்தம்

ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட முடியாதவனிடம் அந்த இடத்தைப் பற்றி எதையும் கேட்கக் கூடாது. அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். எண்பதுகளின் பின்பாதியில், மொன்றியல் சைனா டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த எனக்குச் சீனப் பண்டிகைகள் எல்லாம் அப்படித்தான் தெரிந்திருந்தன.

(கோப்பை கழுவ இந்த ஞானம் எதற்கு என்று நினைப்பீர்கள். கோப்பைக்கு அல்ல, காதலுக்கு.)

அகதிகளுக்கான பிரெஞ்சு வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசை சுகந்தி. நாங்கள் இருவரும் வினைச்சொற்களைக் கடந்து முக்கியமான விஷயங்களுக்கு வந்த நேரம் பார்த்து, அவளுடைய அப்பா குடும்பத்தோடு ரொறன்ரோவுக்குக் குடிபோனார். பஸ்ஸில் ஆறு மணி நேரம். எங்கள் உணவகமோ வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும். சீனப் பண்டிகை வந்தால்தான் பூட்டு.

ஆகவே என் காதல் சீனப் பண்டிகைகளை நம்பியே நடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த உடனேயே, ஜனவரிக் கடைசியில், அவர்களுடைய வருடப் பிறப்பு. மூன்று நாள் விடுமுறை. ரொறன்ரோவுக்கு ஓடினேன். வசந்தத்தில் முன்னோரின் கல்லறைக்குப் போய்க் கும்பிடும் நாள் வந்தது. யாருடைய முன்னோரோ, என் புண்ணியத்துக்கு ஒரு நாள் பூட்டு. கோடையில் படகுத் திருநாளுக்கு மூங்கில் இலையில் கட்டிய சோறு. இலையுதிர் காலத்து நிலாத் திருநாள் முடிந்த மறுநாள் ஒரு பெட்டி நிலாப் பணியாரம். எல்லாம் பஸ் ஏறி சுகந்தியிடம் போயின. ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது அதன் வரலாற்றையும் அரை மணி நேரம் விளக்குவேன். அவள் பொறுமைசாலி.

கல்லறை நாளன்று முதலாளியின் மனைவி மிசிஸ் வோங்கிடம், “இது ஒவ்வொரு வருடமும் இதே தேதியிலா வரும்?” என்று கேட்டிருந்தேன். ஆம் என்றார். அது போதும். எல்லாச் சீனப் பண்டிகைகளுக்கும் தேதி மாறாது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

சுகந்தியின் அப்பா யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்தவர். என்னைப்போல ஒரு மட்டக்களப்பு மாப்பிள்ளை என்றதும் அவருக்குக் கால் மனம்தான் இருந்தது. மகளின் பிடிவாதத்தில் அது அரை மனமானது. நாள் குறிக்கும் பேச்சு வந்தபோது நான் பெரிய மனுசன்போல, “ஜனவரிக் கடைசியில வையுங்க மாமா. சீன வருசப் பிறப்பு. எனக்கு மூணு நாள் லீவு,” என்றேன். மாமா பஞ்சாங்கத்தைப் பார்த்தார். தை மாதம், நல்ல முகூர்த்தம். ரொறன்ரோவில் மண்டபம் பேசி, ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, கழுவிய தட்டுகளை அடுக்கியபடி மிசிஸ் வோங்கிடம் என் சந்தோஷச் செய்தியைச் சொன்னேன். “வருடப் பிறப்பு விடுமுறையில் எனக்குக் கலியாணம்.”

“நல்லது. பெப்ரவரி நல்ல மாதம்,” என்றார்.

“பெப்ரவரி இல்லை, ஜனவரி.”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். புது வருடம் நிலாவைப் பார்த்து வருவது, போன வருடத்துத் தேதியைப் பார்த்து அல்ல. கல்லறை நாள் மட்டும்தான் சூரியக் கணக்கு என்றார். நான் முகூர்த்தம் வைத்திருந்த நாளில் உணவகத்தில் இரண்டு பெரிய விருந்துகள். முதலாளி சமையலறை வாசலில் நின்று சுருக்கமாகச் சொன்னார்: “அன்றைக்குப் போனால் திரும்பி வராதே.” வேலையில்லாத மட்டக்களப்பு மாப்பிள்ளைக்கு மாமா எத்தனை மனம் வைப்பார் என்று எனக்குத் தெரியும்.

ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மாமா முழுதும் கேட்டார். பிறகு, “தம்பி, நாங்களும் சந்திரனைத்தானே பாக்கிறம்? தைப்பூசம் எந்த வருசமாவது ஒரே தேதியில வந்ததோ?” என்றார். தொலைபேசி சுகந்தியின் கைக்கு மாறியது.

“நிலாப் பணியாரத்தைத் தந்துபோட்டு அரை மணித்தியாலம் பாடம் எடுத்தீங்களே! அதில நிலா எண்ட சொல்லு உங்கட காதில விழேல்லையோ?”

நான் தொங்கிய முகத்தோடு இரண்டு நாள் கோப்பை கழுவியதைப் பார்த்த மிசிஸ் வோங்குக்கு மனம் கேட்கவில்லை. “புது வருடத்துக்கு மூன்று நாள் பூட்டுகிறோம். மேல்மாடி மண்டபம் சும்மாதான் இருக்கும். பெண்ணை இங்கே கொண்டுவரச் சொல்,” என்றார்.

மாமா மறுபடி பஞ்சாங்கத்தைப் புரட்டினார். “வருசப் பிறப்பண்டைக்கு அமாவாசை. சரிவராது,” என்றார். நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன். “ஆனா அடுத்த நாள் வளர்பிறை. நல்ல முகூர்த்தம் கிடக்கு,” என்று வேண்டா வெறுப்பாகச் சேர்த்துக்கொண்டார்.

அப்படித்தான் சீனப் புது வருடத்தன்று பெண் வீட்டார் ஒரு வாடகை பஸ்ஸில் சைனா டவுனுக்கு வந்து இறங்கினார்கள். பட்டுச் சேலைக்குக் கீழே பனிச் சப்பாத்து. தெருவை மறித்து ஊர்வலம் போய்க்கொண்டிருந்ததால் பஸ்ஸை முனையிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் ஓடிப்போய் மாமாவை வரவேற்க வாய் திறந்தேன். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு சரம் சீனவெடியைக் கொளுத்தினார்கள்.

பஸ்ஸால் இறங்கிய அரைவாசிப் பேர் பழைய பழக்கத்தில் பனியில் குப்புற விழுந்து படுத்துவிட்டார்கள். மாமாதான் முதல் ஆள். (இரண்டாவது ஆள் நான்.)

சத்தம் ஓய்ந்து மாமா தலையைத் தூக்கியபோது, அவர் முகத்துக்கு நேரே சிவப்பும் பொன்னுமாக ஒரு சிங்கம் நின்றது. உள்ளே இரண்டு இளைஞர்கள் ஆட, பின்னால் மேளமும் தாளமும். சிங்கம் அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, மூன்று முறை தலை வணங்கியது. மாமா எழுந்தார். பனியைத் தட்டினார். சால்வையைச் சரிசெய்து, சிங்கத்தைக் கைகூப்பிக் கும்பிட்டார். பிறகு ஈரக் கண்ணோடு என் தோளைப் பிடித்தார்.

“எங்களுக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு ஆரவாரம்?”

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். சுகந்தி என் காலை மிதித்தாள். “பேசாம நில்லுங்கோ.”

அமாவாசை விரதக்காரரான மாமா சீனச் சாப்பாட்டுக் கடையில் பட்டினி கிடக்கும் தீர்மானத்தோடுதான் வந்திருந்தார். மிசிஸ் வோங்கோ வருடப் பிறப்பன்று மச்சம் மாமிசம் தொடாதவர். தோஃபு, காளான், முட்டைக்கோவா, சேமியா எல்லாம் போட்டு மலைபோல ஒரு மரக்கறி வைத்திருந்தார். மாமா மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். “இந்த மனுசிக்கு எங்கட முறை எல்லாம் தெரியுது,” என்றார்.

மறுநாள் ஓமகுண்டம் ரொறன்ரோவிலேயே தங்கிவிட்டது தெரிந்து பஸ்ஸில் கூட வந்த ஐயர் கையைப் பிசைந்தார். மிசிஸ் வோங் இன்னும் அடுப்பேறாத புதுத் தாச்சிச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதில் மூண்ட அக்கினி சாட்சியாகத்தான் எனக்குக் கலியாணம் நடந்தது. அதற்கு முன், வெள்ளை வேட்டியோடு நான் வந்ததைப் பார்த்ததும் மிசிஸ் வோங் அலறிவிட்டார். அவர்களுக்கு அது சாவீட்டு நிறமாம். ஓடிப்போய் ஒரு சிவப்பு மேசைவிரிப்பை எடுத்துவந்து என் தோளில் சுற்றினார். மாமாவைப் பார்த்தேன். “அந்த அம்மா சொன்னாக் கட்டும் தம்பி,” என்றார். எங்கள் கலியாணப் படத்தில் மாப்பிள்ளை, சாப்பாட்டுக்குத் தயாரான மேசை மாதிரி நிற்பான்.

அரை மனத்தோடு பஸ் ஏறிய மாமா முழு மனத்தோடு ரொறன்ரோ திரும்பினார். அதற்குப் பிறகு அங்கே நடந்த எந்தக் கலியாணத்திலும் மாப்பிள்ளைமார் நிம்மதியாக இருந்ததில்லை. தவில் என்ன, நாதஸ்வரம் என்ன, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மாமா பக்கத்துக் கதிரைக்காரரிடம் சொல்வார்: “பரவாயில்லை. எங்கட மருமேன் சிங்கம் விட்டவர்.”

சென்ற வருடம் எங்கள் மகளைக் கேட்டு, மொன்றியலிலேயே பிறந்து வளர்ந்த பையன் ஒருவன் பெற்றோரோடு வந்தான். படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் நாங்கள் விசாரித்து முடித்தோம். தொண்ணூறு தாண்டிய மாமா அதுவரை கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தார். மெல்லக் கண் திறந்து பையனைப் பார்த்தார்.

“எல்லாம் சரி தம்பி. சிங்கம் வருமோ?”